வெயில் தந்த நிறமும் ஊர் வைத்த விலையும்

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் வழியாகக் கொல்லிமலைக்குப் போகிறவர்கள் காளப்பநாயக்கன்பட்டியைத் தாண்டித்தான் காரவள்ளி அடிவாரத்தை அடைகிறார்கள். அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். மேலே வல்வில் ஓரியின் சிலை, அறப்பளீஸ்வரர் கோயில், ஆகாய கங்கை அருவி. எட்டுக்கை அம்மன் கோயிலும் அங்கேதான் இருக்கிறது. அந்த அம்மனையே கொல்லிப்பாவையாக எண்ணி வணங்குகிறவர்கள் பலர்.

தமிழில் பெண்ணழகுக்குச் சொல்லப்பட்ட மிகப் பழைய உவமைகளில் கொல்லிப்பாவையும் ஒன்று. கபிலரும் பரணரும் தலைவியின் அழகைச் சொல்ல இந்த மலையின் பாவையைத்தான் துணைக்கு அழைத்தார்கள். காற்று மோதினாலும், மழை கொட்டினாலும், நிலமே அதிர்ந்தாலும் அவள் வனப்பு குறையாது என்று நற்றிணையில் ஒரு சித்திரம் வருகிறது. மக்கள் வழக்கில் உள்ள கதையில் அவள் அசுரர்களை மயக்கிச் சிரித்தே கொல்கிறாள். இந்த இரண்டுக்குள்ளும் பெண்ணைப் பற்றிய இரண்டு பழைய எதிர்பார்ப்புகள் அடங்கியிருக்கின்றன. பெண்ணின் அழகு மூப்படையக் கூடாது என்பது ஒன்று. அழகான பெண்ணிடம் ஆண் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பது இன்னொன்று. ஒரு சமூகம் பெண்ணை எந்த அச்சில் வார்க்க நினைக்கிறது என்பதை அதன் கதைகளே காட்டிக்கொடுத்துவிடுகின்றன.

ஆனால் அந்தப் பாடல்களில் இன்றைய தமிழர் எதிர்பார்க்கும் ஒன்று இல்லை. அங்கே அழகின் நிறம் வெளுப்பு அல்ல. தலைவியின் மேனிக்குச் சொல்லப்படும் நிறம் மாமை. மாந்தளிரின் நிறம் என்று உரைகாரர்கள் அதை விளக்கினார்கள். காதலன் பிரிந்து போனதும் அவள் உடலில் படரும் வெளிறலுக்குப் பசலை என்று பெயர். வெள்ளிவீதியாரின் குறுந்தொகைப் பாடலில் ஒருத்தி தன் மாமை அழகைப் பசலை தின்று தீர்க்கிறதே என்று வருந்துகிறாள். நிறம் வெளுப்பது அவளுக்கு இழப்பு, நோயின் அடையாளம்.

இரண்டாயிரம் ஆண்டுகளில் கணக்கு தலைகீழாகிவிட்டது. இன்று அதே மலையடிவாரத்திலும், தமிழ்நாட்டின் எந்த ஊரிலும், பெண் பார்க்கும் பேச்சு தொடங்கும்போது வரும் சொற்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. “பொண்ணு நல்ல செவப்பு.” “கொஞ்சம் நிறம் கம்மிதான், ஆனா களையான முகம்.” “மாநிறம்னு சொல்லலாம்.” பள்ளிக்கூடத்துப் பிள்ளையிடம், “வெயில்ல ஆடாதே, கருத்துடுவே” என்கிறார்கள். கர்ப்பிணிக்குப் பாலில் குங்குமப்பூ கலந்து கொடுக்கிறார்கள். தாய் சாப்பிட்ட குங்குமப்பூ கருவிலுள்ள குழந்தையின் நிறத்தை மாற்றுவதற்கு உடலில் எந்த வழியும் இல்லை. நிறத்தைத் தீர்மானிப்பது பெற்றோரிடமிருந்து வந்த மரபணுக்கள்.

அந்த மரபணுக்களைத் தேர்ந்தெடுத்தது வெயில். நம் தோலின் மேலடுக்கின் அடியில் மெலனோசைட் என்ற உயிரணுக்கள் உள்ளன. அவை மெலனின் என்ற நிறமியைச் சிறு பொதிகளாகத் தயாரித்து அக்கம்பக்கத்துத் தோல் உயிரணுக்களுக்கு அனுப்புகின்றன. பொதிகள் உயிரணுவின் உட்கருவுக்கு மேலே குடை விரித்ததுபோல் கூடி, டிஎன்ஏவைப் புறஊதாக் கதிரிலிருந்து காக்கின்றன. கருத்தவரிடமும் வெளுத்தவரிடமும் மெலனோசைட்டுகளின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான். பொதிகளின் அளவும், வகையும், அவை எவ்வளவு நாள் சிதையாமல் இருக்கின்றன என்பதும்தான் வேறுபாடு.

அமெரிக்க மானுடவியலாளர் நினா ஜப்லான்ஸ்கியும் ஜார்ஜ் சாப்ளினும் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு, உலகின் பழங்குடி மக்களுடைய தோல் நிறத்தையும் அவரவர் ஊரில் விழும் புறஊதாக் கதிரின் அளவையும் ஒப்பிட்டது. இரண்டும் நெருக்கமாகப் பொருந்தின. கதிர் மிகுந்தால் உடலில் உள்ள ஃபோலேட் சிதையும். கருவிலுள்ள குழந்தையின் மூளையும் தண்டுவடமும் ஒழுங்காக உருவாக ஃபோலேட் தேவை. அதனால் வெயில் கடுமையான நாடுகளில் கருத்த தோல் தலைமுறைகளைக் காத்தது. வெயில் குறைந்த வட நாடுகளில் வைட்டமின் டி உண்டாக வேண்டிய தேவை வெளுத்த தோலுக்கு இடம் கொடுத்தது.

கொல்லிமலை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 11 பாகையில் இருக்கிறது. கோடையில் தமிழ்நாட்டுச் சமவெளியிலேயே புறஊதாக் குறியீடு, உலக சுகாதார நிறுவனம் மிக உச்சம் என்று வகுத்துள்ள 11ஐத் தொட்டுத் தாண்டும். ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் ஏற்றத்துக்கும் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். மலைமேல் மிளகுக் கொடிக்கும் சாமைக் கதிருக்கும் நடுவே வேலை செய்யும் மலையாளிப் பழங்குடிப் பெண்ணுக்கும், அடிவாரத்தில் மரவள்ளிக் காட்டில் களையெடுக்கும் பெண்ணுக்கும் அவர்களுடைய நிறமே இயற்கை கொடுத்த காப்பு.

நிறத்தின் வரலாறும் எளிதானதல்ல. 2005இல் கீத் செங் என்ற அமெரிக்க விஞ்ஞானியின் குழு, கோடுகள் வெளிறிய ஒரு வரிக்குதிரை மீனை ஆராய்ந்து, எஸ்எல்சி24ஏ5 என்ற மரபணுவைக் கண்டறிந்தது. மனிதரிடம் அந்த மரபணுவில் ஏற்பட்ட ஒரேயொரு எழுத்து மாற்றம் தோலை வெளுக்கச் செய்கிறது. 2013இல் ஐரோப்பிய, இந்திய ஆய்வாளர்கள் சேர்ந்து, தெற்காசியாவில் 1,228 பேரிடம் தோல் நிறத்தை அளந்து இந்த மாற்றத்தைத் தேடினார்கள். நிற வேறுபாட்டின் கணிசமான பங்கை அது விளக்கியது. ஐரோப்பியரிடமும் நம்மிடமும் உள்ள அந்த மாற்றம் ஒரே மூதாதையிடமிருந்து வந்தது என்றும், இந்தியாவின் பல மக்கள் குழுக்களில் அது வெவ்வேறு அளவில் கலந்திருக்கிறது என்றும் தெரியவந்தது. ஒரே வீட்டில் அக்கா கருப்பாகவும் தங்கை சிவப்பாகவும் பிறப்பது இதுபோன்ற மரபணுக்கள் பங்கிடப்படும் விதத்தால்தான். அறிவுக்கும் குணத்துக்கும் உழைப்புக்கும் அந்த எழுத்து மாற்றத்துக்கும் தொடர்பே இல்லை.

அப்படியானால் “கருப்பு குறைவு, சிவப்பு உயர்வு” என்ற எண்ணம் ஒரு குழந்தைக்குள் எப்படி நுழைகிறது?

1940களில் அமெரிக்க உளவியலாளர்களான கென்னத் கிளார்க்கும் மேமி கிளார்க்கும் கருப்பினக் குழந்தைகள் முன்னால் பொம்மைகளை வைத்தார்கள். நிறம் தவிர அவை எல்லாவற்றிலும் ஒன்றுபோல் இருந்தன. “எது நல்ல பொம்மை? எது கெட்டதாகத் தெரிகிறது?” மூன்று முதல் ஏழு வயது வரையிலான அந்தக் குழந்தைகளில் பெரும்பாலோர் வெள்ளைப் பொம்மையை நல்லது என்றார்கள். பிறகு, “உன்னைப் போல இருப்பது எது?” என்ற கேள்வி வந்தபோது சில குழந்தைகள் அழுதார்கள், சிலர் அறையை விட்டு ஓடினார்கள். பள்ளிகளில் நிறப் பாகுபாடு செல்லாது என்று 1954இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இந்த ஆராய்ச்சியையும் சுட்டியது.

ஆண், பெண் என்ற பாடம் இன்னும் முன்பே தொடங்கிவிடுகிறது. 1978இல் வெளியான ஒரு பிரிட்டன் ஆய்வில், முன்பின் தெரியாத ஆறு மாதக் குழந்தையுடன் விளையாடுமாறு தாய்மார்கள் கேட்டுக்கொள்ளப்பட்டார்கள். குழந்தைக்குச் சில நேரம் ஆண் உடையும் பெயரும், சில நேரம் பெண் உடையும் பெயரும் கொடுக்கப்பட்டன. ஆண் என்று நினைத்த குழந்தையின் கையில் பொம்மைச் சுத்தியலைக் கொடுத்து, துள்ளவும் தவழவும் ஊக்கப்படுத்தினார்கள். பெண் என்று நினைத்த குழந்தைக்குப் பாப்பா பொம்மை கிடைத்தது. தாங்கள் வேறுபாடு காட்டுகிறோம் என்ற எண்ணமே அவர்களுக்கு இல்லை.

2017இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஓர் ஆய்வு வயதையே குறித்துக் காட்டியது. ஐந்து வயதில் சிறுவரும் சிறுமியரும் தங்கள் பாலினத்தவரே ரொம்பக் கெட்டிக்காரர் என்று ஒரே அளவில் நம்பினார்கள். ஆறு, ஏழு வயதில் சிறுமியரிடம் அந்த நம்பிக்கை சரிந்தது. “ரொம்பக் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கான விளையாட்டு” என்று சொன்னதும் அவர்கள் ஆர்வம் குறைந்து விலகினார்கள். வகுப்பில் யார் நல்ல மதிப்பெண் வாங்குவார்கள் என்று கேட்டபோது அதே சிறுமியர் பெண் பிள்ளைகளைத்தான் காட்டினார்கள். கண்முன் இருக்கும் உண்மையைவிட ஊரார் பேச்சு அவர்களுக்குள் வலுவாக இறங்கியிருந்தது.

இந்த இரண்டு பாடங்களும் நம் நாட்டில் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. பெண் பிள்ளை செலவு, ஆண் பிள்ளை வரவு என்ற கணக்கு எவ்வளவு கொடுமைக்குப் போகும் என்பதைச் சேலம் வட்டாரம் அறியும். பெண் சிசுக்கொலையைத் தடுக்கத் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் சேலம் மாவட்டத்தில்தான் தொடங்கப்பட்டது. நாமக்கல் அன்று அந்த மாவட்டத்துக்குள் இருந்தது, 1997இல்தான் பிரிந்தது. பெண்ணுக்கு வரதட்சணை என்ற விலை இருக்கிற வரை நிறமும் அந்த விலைக்குள் வந்து உட்காரும். நிறம் குறைந்தால் நகை கூடும். இந்தக் கணக்கு மாப்பிள்ளைக்கு அதே கடுமையோடு போடப்படுவதில்லை.

ஆண்களைவிடப் பெண்களின் தோல் எல்லா மக்களிடமும் சற்றே வெளுப்பு என்பதை ஜப்லான்ஸ்கியும் சாப்ளினும் பதிவு செய்திருக்கிறார்கள். கருவுற்ற காலத்திலும் பாலூட்டும் காலத்திலும் பெண்ணுக்குக் கூடுதல் கால்சியம் வேண்டும், அதற்கு வைட்டமின் டி வேண்டும் என்பது அவர்கள் தரும் விளக்கம். அது கருவி வைத்து அளந்தால் தெரியும் மிகச் சிறிய வேறுபாடு. அந்த அளவை எங்கோ விட்டுவிட்டு, பெண்ணாகப் பிறந்தவள் சிவப்பாகத்தான் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை உண்டாக்கியது சமூகம்.

அந்த நிபந்தனையை வியாபாரம் பிடித்துக்கொண்டது. மும்பையில் இ. எஸ். பாட்டன்வாலா 1919இல் ‘ஆஃப்கன் ஸ்னோ’ முகப்பூச்சைத் தயாரித்தார். 1975இல் இந்துஸ்தான் லீவர் ‘ஃபேர் அண்ட் லவ்லி’யைக் கொண்டுவந்தது. அதன் ஒரு தொலைக்காட்சி விளம்பரத்தில் தந்தை, தனக்கு ஒரு மகன் இருந்திருந்தால் என்று ஏங்குகிறார். கருத்த மகள் அதைக் கேட்கிறாள். க்ரீம் பூசி வெளுத்து, விமானப் பணிப்பெண் வேலை பெற்று, தந்தையை நல்ல ஓட்டலுக்கு அழைத்துப் போகிறாள். மகள் மகனுக்கு ஈடாக வேண்டும், அதற்கு அவள் தன் தோலை மாற்ற வேண்டும் என்று இரண்டு அநீதிகளையும் சில நொடிகளில் கோத்துக் காட்டிய விளம்பரம் அது. அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் தொடர்ந்து போராடியதன் பலனாக 2003இல் அது நிறுத்தப்பட்டது.

தமிழ்த் திரையும் தன் பங்கைச் செய்தது. கருத்த நாயகர்கள் இங்கே உச்ச நட்சத்திரங்களானார்கள். ரஜினிகாந்தும் விஜயகாந்தும் தங்கள் நிறத்தோடே கொண்டாடப்பட்டார்கள். நாயகி என்று வரும்போது மட்டும் சிவப்பு தேடி மும்பை வரை போனார்கள். 1978இல் ‘மரோ சரித்ரா’ என்ற தெலுங்குப் படத்தில் கே. பாலசந்தர் அறிமுகப்படுத்திய சரிதா, கருத்த பெண்ணால் படத்தைத் தாங்க முடியும் என்று தன் நடிப்பால் நிரூபித்தார். அவரே பின்னாளில் பல நாயகியருக்குப் பின்னணிக் குரல் கொடுத்தார். 2007இல் வந்த ‘சிவாஜி’ படத்தில் நாயகன் காதலிக்காகத் தன் நிறத்தை வெளுக்க முயல்கிறான். ஒரு பாடல் முழுக்க வெள்ளையனாகவே கணினி வழியே காட்டப்படுகிறான். அதே படத்தில் அங்கவை, சங்கவை என்ற பெயர்களில் இரு பெண்களுக்குக் கருப்பு பூசி, அவர்கள் நிறத்தைச் சிரிப்புக்குப் பொருளாக்கினார்கள். அவை பாரியின் மகளிர் பெயர்கள். கொல்லியை ஆண்ட ஓரியோடு கடையெழு வள்ளல்களில் ஒருவராக எண்ணப்படும் பாரியின் மக்கள், சங்கக் கவிதைக்கே சொந்தக்காரர்கள். அந்தக் காட்சிகளுக்குக் கண்டனம் எழுந்தது. ஆனாலும் திரையரங்குகளில் சிரிப்பு அடங்கவில்லை.

திரையில் பார்ப்பதற்கு அவ்வளவு வலிமை உண்டா என்ற கேள்விக்கு ஃபிஜித் தீவு பதில் சொல்கிறது. அங்கே பருத்த உடலே அழகு, நல்ல சோறு உண்ட குடும்பத்தின் அடையாளம். 1995இல் நட்ரோகா பகுதிக்குத் தொலைக்காட்சி வந்தது. ஹார்வர்டு ஆய்வாளர் ஆன் பெக்கர் அப்போதும், மூன்றாண்டுகள் கழித்து 1998இலும் பள்ளி மாணவியரை ஆராய்ந்தார். உணவுக் கோளாறுக்கான அறிகுறிகள் 12.7 சதவீதத்திலிருந்து 29.2 சதவீதமாக உயர்ந்திருந்தன. உடல் இளைப்பதற்காகத் தாமே வாந்தி எடுக்கும் பழக்கம் முன்பு ஒருவரிடமும் இல்லை, 1998இல் 11.3 சதவீதம் பேரிடம் இருந்தது. பல தலைமுறைகள் போற்றிய அழகு மூன்றே ஆண்டுகளில் ஆட்டம் கண்டது.

அதே பெட்டி நல்லதும் செய்யும். ராபர்ட் ஜென்சன், எமிலி ஆஸ்டர் என்ற பொருளியலாளர்கள் தமிழ்நாடு உள்ளிட்ட இந்திய மாநிலங்களின் கிராமங்களில் கேபிள் டிவி நுழைந்த பிறகு என்ன நடந்தது என்று ஆராய்ந்து 2009இல் வெளியிட்டார்கள். மனைவியை அடிப்பது சரிதான் என்று சொல்லும் பெண்கள் குறைந்தார்கள். மகன்தான் வேண்டும் என்ற விருப்பமும் குறைந்தது. வீட்டு முடிவுகளில் பெண்ணின் குரல் கூடியது. எதைக் காட்டுகிறோம் என்பதைப் பொறுத்தே விளைவு அமைகிறது.

சிவப்பழகு ஆசையின் சேதம் மனத்தோடு நிற்பதில்லை. கேரளத்தின் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் சிறுநீரக மருத்துவர்கள் ஒரு புதிரைச் சந்தித்தார்கள். சிறுநீரில் புரதம் ஒழுகும் ஒருவகைச் சிறுநீரக நோயோடு 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை 22 பேர் வந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு நெல்-1 என்ற புரதத்தோடு தொடர்புடைய அரிய வகை. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு க்ரீம் பூசியவர்கள். சந்தேகம் க்ரீமில் இருந்த பாதரசத்தின் மேல் விழுந்தது. பூசுவதை நிறுத்திய பெரும்பாலோருக்கு நோய் தணிந்தது.

மெலனின் தயாரிப்பில் டைரோசினேஸ் என்ற நொதி வேலை செய்கிறது. அது இயங்கச் செம்பு தேவை. பாதரசம் அந்தச் செம்பின் இடத்தைப் பிடித்து நொதியை முடக்குகிறது, முகம் வெளுக்கிறது. அதே பாதரசம் தோல் வழியே ரத்தத்தில் இறங்கிச் சிறுநீரகத்துக்கும் நரம்புகளுக்கும் போகிறது. 2013இல் கையெழுத்தான மினமாட்டா ஒப்பந்தம், பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் உள்ள முகப்பூச்சுகளை 2020க்குப் பிறகு தயாரிக்கவோ ஏற்றுமதி, இறக்குமதி செய்யவோ கூடாது என்றது. பெயரும் முகவரியும் இல்லாத டப்பாக்கள் இன்னும் கிடைக்கின்றன.

இன்னொரு பக்கம் ஸ்டீராய்டு க்ரீம்கள். பீட்டாமெத்தசோன், குளோபீட்டசால் போன்றவை தோல் நோய்க்கான மருந்துகள். மருத்துவர் சீட்டு இல்லாமல் மருந்துக் கடையில் வாங்கி மாதக்கணக்கில் முகத்தில் தடவினால் முதலில் பளபளக்கும். பிறகு தோல் மெலிந்து, ரத்த நாளங்கள் தெரிந்து, பருக்களும் முடியும் கிளம்பும். விட்டால் எரிச்சல் தாங்காது. இந்தியாவின் 12 மருத்துவ மையங்களில் நடந்து 2011இல் வெளியான ஆய்வில், முகத்தோல் பிரச்சினையோடு வந்த 2,926 பேரில் 433 பேர் இப்படி ஸ்டீராய்டு பூசியவர்கள். 2018இல் இத்தகைய 14 க்ரீம்களைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு அறிவித்தது.

சமூகம் கற்றுக்கொடுத்ததைச் சமூகமே மறக்கச் செய்யவும் முடியும். அதற்கும் அளந்து பார்த்த சான்றுகள் உண்டு. அரியானாவில் 314 அரசுப் பள்ளிகளில் நடந்த ஆய்வில், ‘பிரேக்த்ரூ’ அமைப்பு ஏழாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை இரண்டரை ஆண்டுகள் ஆண், பெண் சமத்துவம் பற்றி மாணவர்களைப் பேச வைத்தது. பிற்போக்கான எண்ணங்களில் 16 சதவீதம் மாறின. சிறுவர்கள் வீட்டு வேலையில் கூடுதலாகக் கைகொடுத்தார்கள். மேற்கு வங்கத்தில் 495 கிராமங்களில் நடந்த ஆய்வு இன்னும் எளிய உண்மையைக் காட்டியது. இட ஒதுக்கீட்டால் தொடர்ந்து இரண்டு முறை பெண் தலைவர் வந்த கிராமங்களில், பெற்றோர் மகனுக்கும் மகளுக்கும் வைக்கும் கனவுகளிடையே இருந்த இடைவெளி கணிசமாகச் சுருங்கியது. படிப்பில் இருந்த இடைவெளி மறைந்தே போனது. தமிழ்நாடு 2016இல் உள்ளாட்சிகளில் பெண்களுக்கு 50 சதவீத இடம் என்று சட்டம் செய்ததை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். காளப்பநாயக்கன்பட்டி போன்ற ஒரு பேரூராட்சியில், கூட்டத்தில் எழுந்து குடிநீர்க் குழாய்க்காகப் பேசும் பெண் உறுப்பினரைத் தினமும் காணும் சிறுமிக்கு, எந்த விளம்பரமும் தராத பாடம் கிடைக்கிறது.

நிறத்திலும் அசைவு தெரிகிறது. 2009இல் சென்னையில் கவிதா இம்மானுவேலின் ‘விமன் ஆஃப் வொர்த்’ அமைப்பு ‘டார்க் இஸ் பியூட்டிஃபுல்’ இயக்கத்தைத் தொடங்கியது; நடிகை நந்திதா தாஸ் அதற்கு முகமானார். கருத்தவரைத் தாழ்த்திக் காட்டும் விளம்பரங்கள் கூடாது என்று 2014இல் இந்திய விளம்பரத் தர மன்றம் நெறி வகுத்தது. 2020இல் ‘ஃபேர் அண்ட் லவ்லி’ தன் பெயரை ‘க்ளோ அண்ட் லவ்லி’ என்று மாற்றிக்கொண்டது. பெயர் மாறியது போதாது. அதே ஆண்டு மத்திய சுகாதார அமைச்சகம், நிறம் வெளுக்கும் என்று விளம்பரம் செய்வதையும் தண்டிக்கும் சட்ட வரைவை மக்கள் கருத்துக்கு வைத்தது. அதைச் சட்டமாக்க வேண்டும்.

வீடுகளில் செய்ய வேண்டியது இன்றே தொடங்கலாம். தயாரிப்பாளர் முகவரியும் உரிம எண்ணும் உட்பொருள் பட்டியலும் இல்லாத க்ரீமை வாங்காதீர்கள். அப்படி ஒன்றைப் பூசி வருகிறவருக்குக் காலில் வீக்கம் கண்டாலோ, சிறுநீர் நுரைத்துப் போனாலோ, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஸ்டீராய்டு க்ரீமுக்குப் பழகியவர்கள் தாமாகச் சட்டென்று நிறுத்தாமல் தோல் மருத்துவரைப் பாருங்கள். பெண் பார்க்கப் போகிறவர்கள் நிறத்தைப் பற்றிக் கேட்பதையும், பெண்ணைப் பெற்றவர்கள் அதற்குப் பதில் சொல்வதையும் நிறுத்துங்கள். பெண் பிள்ளை வெயிலில் ஆடட்டும்.